அக்காள்மடம் முதல் அரிச்சல்முனை வரை: பஸ்ஸில் போய் நடக்க ஒரு பழைய பாதை

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், விடுதியில் எல்லோரும் ஊர் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டோம். என் முறை வந்தது. "அக்காள்மடம்" என்றேன். அறையே சிரித்தது. "தங்கச்சி மடம் இல்லையாடா?" என்று ஒருவன் கேட்டான். "இருக்கு, பக்கத்து ஊரு" என்றேன். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. "சரி, யாரு அந்த அக்கா?" என்று இன்னொருவன் கேட்டபோதுதான் நான் விழித்தேன். பதினேழு வருஷம் அந்த ஊரில் வளர்ந்தவன் நான். எனக்குப் பதில் தெரியவில்லை.

இந்த மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்க நண்பர்கள் கேட்டபோது அந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது. நான் சரித்திரம் படித்தவன் அல்ல. ரோடு போடுகிற தொழிலில் இருக்கிற சிவில் என்ஜினீயர். ஆகவே ரோட்டை வைத்தே சரித்திரம் சொல்லப் பார்க்கிறேன். சரித்திரப் பேராசிரியர்கள் பொறுத்தருள வேண்டும்.

வைகைக் கரையில் படித்த நமக்கெல்லாம் டவுன் பஸ் ஏறி நடக்கப் போகிற பழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அழகர்கோயில் பஸ்ஸைப் பிடித்து, அடிவாரத்தில் இறங்கி, பழமுதிர்சோலை வழியாக நூபுர கங்கை வரை ஏறுவோம். இல்லையென்றால் கீழக்குயில்குடியில் இறங்கிச் சமணர் மலை. டிக்கெட் காசும் இரண்டு பரோட்டாவுக்குக் காசும் இருந்தால் போதும். அப்படி ஒரு நாள் மலையிலிருந்து இறங்கும்போது ஒரு நண்பன், "உங்க ஊர்ல நடக்க என்னடா இருக்கு? மலையே கிடையாதே" என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "கந்தமாதன பர்வதம் இருக்கு" என்றேன். பின்னால் அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியபோது, "இதுக்குப் பேரு பர்வதமா?" என்றான். கோயிலுக்கு வடக்கே சுமார் மூன்று கிலோமீட்டரில், இராமர் பாதம் இருக்கிற ஒரு மணல் மேடு அது. ஆனால் தீவிலேயே உயரமான இடம் அதுதான். மேலே ஏறி நின்றால் நாலு பக்கமும் கடல் தெரியும். தட்டையான ஊரில் அது பர்வதம்தான். அளவுகோல் அவரவர் ஊரைப் பொறுத்தது.

உண்மையில் எங்கள் தீவில் மலை ஏறுகிற பாதை கிடையாது. ஆனால் நடக்கிறவர்களுக்காகவே உண்டான பாதை உண்டு. தமிழ்நாட்டில் அதைவிடப் பேர்போன நடைபாதை எது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

சேது யாத்திரை என்பது காசியில் இருந்து வருகிறவருக்கு மாதக்கணக்கான நடை. கங்கை நீரைச் செம்பில் கொண்டுவந்து இராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்வது, இங்கிருந்து சேது மணலைக் கொண்டுபோய்க் கங்கையில் சேர்ப்பது என்று வழக்கம். ஒரு காதம் என்றால் சுமார் 10 மைல் என்பது பழைய கணக்கு. மூட்டையோடும் பிள்ளைகுட்டியோடும் வருகிறவர் ஒரு நாளில் நடக்கக்கூடிய தூரமும் ஏறத்தாழ அதுதான். சத்திரங்களின் இடைவெளியைத் தீர்மானித்தது இந்தக் கால் கணக்கு. மதுரையில் ரயிலடிக்கு எதிரே இருக்கிற மங்கம்மாள் சத்திரத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தஞ்சை மராட்டியர் தங்கள் எல்லைக்குள் இதே யாத்திரை வழியில் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இருக்கிற முத்தம்பாள் சத்திரம் சரபோஜி காலத்தது. நாடு கும்பினிக்காரர் கைக்குப் போன பிறகு, 1801ல் சரபோஜி மன்னர் ஆங்கிலேய ரெசிடெண்டுக்குக் கடிதம் எழுதி, இந்தச் சத்திரங்களை மட்டும் கெடுத்துவிடாதீர்கள் என்று மன்றாடினார். அங்கே எல்லா ஜாதியாருக்கும் சோறு, குழந்தைகளுக்குப் பால், நோயாளிக்கு வைத்தியர், பிள்ளைத்தாச்சிக்குத் தனிக் கவனிப்பு என்று அதில் விவரமாகச் சொல்கிறார். ராஜ்யம் போன மனுஷன் கேட்டது இதைத்தான்.

மதுரைக்குக் கிழக்கே மானாமதுரை, பரமக்குடி தாண்டி இராமநாதபுரம் சீமைக்குள் நுழைந்தால் பாதைக்குப் பொறுப்பு சேதுபதிகளுடையது. 'சேதுபதி' என்ற பட்டமே சேதுவின் காவலர் என்று பொருள்படுவது. யாத்திரைக்காரர்களைக் கள்ளர் பயம் இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அந்த அரசின் முதல் வேலை என்று சொல்வார்கள். மண்டபம் கரையோடு நிலம் முடிந்துவிடும். கி.பி. 1480 வரை தீவுக்கு நடந்தே போகலாம், அந்த வருஷப் புயலில்தான் வழி உடைந்தது என்பது கோயில் வழிச் செய்தி. அதற்குப் பிறகு தோணிதான். தோணி கரை சேருகிற இடம் பாம்பன். அங்கிருந்து கோயில் வரைக்கும் எட்டு மைல் சுமாருக்கு நடை. அந்த வழி கல் பாவிய பாதையாக இருந்தது என்று 19ஆம் நூற்றாண்டில் வந்த ஆங்கிலேயர்கள் ஆச்சரியப்பட்டு எழுதியிருக்கிறார்கள்.

இந்த எட்டு மைலுக்குள்தான் அக்காள்மடமும் தங்கச்சிமடமும் இருக்கின்றன. என்ஜினீயர் புத்திக்கு இங்கேதான் இடித்தது. எட்டு மைல் என்பது அரைநாள் நடை. நடுவில் ஒரு மடம் இருந்தால் போதும். ஆனால் இங்கே இரண்டு. அதுவும் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரத்தில்! ரோடு எஸ்டிமேட்டில் இப்படி எழுதினால் மேலதிகாரி சிவப்பு மையால் அடித்துவிடுவார். கால் கணக்குப்படி இந்த இரண்டாவது மடத்துக்கு அவசியமே இல்லை. அப்படியென்றால் வேறு காரணம் இருக்க வேண்டும்.

அந்தக் காரணத்தை எனக்குச் சொன்னது அப்பத்தா. முதல் செமஸ்டர் லீவில் போய், "யாரு அப்பத்தா அந்த அக்கா?" என்று கேட்டேன். "இம்புட்டு நாள் கேக்காம இப்பக் கேக்குறியே" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தார். பின்னால் சேதுபதிகள் வரலாற்றைப் படித்தபோதும் அதே கதை கொஞ்சம் கூடக் குறைய இருந்தது.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ஆண்டவர் விஜயரகுநாத சேதுபதி. அவருக்கு இரண்டு பெண்கள். இருவரையும் தண்டத்தேவர் என்பவருக்கே கட்டிக்கொடுத்து, மருமகனைத் தீவின் நிர்வாகத்துக்கு வைத்தார். மருமகனோ, பாம்பனில் தோணி இறங்குகிற யாத்திரைக்காரர்களிடம் வரி வசூலிக்கத் தொடங்கினார். காசியில் இருந்து கால் தேய நடந்து வந்தவன் கடைசி எட்டு மைலில், கையில் காசில்லாமல் கோயிலைப் பார்க்க முடியாமல் நின்றான். முறையீடு மன்னரிடம் போனது. சேதுவுக்குப் போகிறவனை மறிப்பது சிவத்துரோகம், தண்டனை மரணம். மருமகன் என்று பார்க்கவில்லை. நிறைவேற்றிவிட்டார்கள். இரண்டு பெண்களும் புருஷனோடு தீயில் இறங்கினார்கள். அவர்கள் நினைவாகத்தான் அக்காள் பெயரில் ஒரு மடம், தங்கச்சி பெயரில் ஒரு மடம்.

"ராசா பெரிய நியாயஸ்தன்தான். ஆனா அந்தப் புள்ளைக ரெண்டும் என்ன பாவம் பண்ணுச்சுக?" என்று அப்பத்தா கதையை முடித்தார். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இந்தக் கேள்வி இல்லை.

இது வாய்வழிக் கதை. ஆனால் என் தூரக் கணக்கு இதற்குச் சாட்சி சொல்கிறது என்பேன். நடக்கிறவன் தேவைக்குக் கட்டியிருந்தால் ஒரு மடம்தான் வந்திருக்கும். இரண்டு வந்ததற்கு இரண்டு சாவுதான் காரணம். ஊர்ப் பெயரைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். அந்தப் பெண்கள் பெயர் அதில் இல்லை. அக்காள், தங்கச்சி என்று முறை மட்டும்தான் இருக்கிறது. தினமும் நூறு பஸ் அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டு போகிறது, பெயர் சொல்லாமல். வரியை மறுத்த மன்னரையும் வரி போட்ட மருமகனையும் வரலாறு பெயரோடு வைத்துக்கொண்டது.

பாதை யாருடையது, நடக்கிறவனுடையதா, மறிக்கிறவனுடையதா என்ற வழக்கில் நடக்கிறவன் பக்கம் தீர்ப்பான இடம் எங்கள் ஊர். இதை விடுதியில் சொல்லத் தெரிந்திருந்தால் அன்றைக்கு யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

பிறகு அந்த நடை எப்படிப் போயிற்று? ஒரே நாளில் போய்விடவில்லை. 1902ல் மதுரையில் இருந்து மண்டபத்துக்கு ரயில் வந்தது. மதுரைக்குக் கிழக்கே இருந்த சத்திரங்களுக்கு ஆள் குறைந்தது. 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்தார்கள். தோணித்துறைக்கு வேலை இல்லாமல் போனது. ஆனாலும் வடக்கத்திப் பைராகிகள் அதற்குப் பிறகும் செம்போடு நடந்தே வந்ததைச் சிறுமியாக இருந்தபோது பார்த்திருப்பதாக அப்பத்தா சொல்லுவார். அவர்களுக்கு நீராகாரம் கொடுத்தால் வாங்க மாட்டார்களாம். தண்ணீர் மட்டும் வாங்கிக் குடிப்பார்களாம். ரோட்டுப் பாலத்துக்கு 1974ல் அடிக்கல் நாட்டி, பதினாலு வருஷம் இழுத்து, 1988 அக்டோபர் 2ஆம் தேதி ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். அன்றுமுதல் மதுரை பஸ் நேரே தீவுக்குள் வந்தது. இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல் கடல் மீது பஸ்; ஜன்னல் ஓரத்துக்கு அடிதடி. தீவில் பிறந்தவர்களுக்கு அது என்ன விடுதலை என்பது மற்றவர்களுக்குப் புரியாது. பிரசவ வலி எடுத்தால் ரயிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நடை போனதே என்று நான் அழுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ரோடு வேண்டும். ரோடு போட்டுத்தான் நான் சாப்பிடுகிறேன்.

ஆனால் பஸ்ஸில் போகிறவனுக்குத் தெரியாத ஒன்று, நடக்கிறவனுக்குத் தெரியும். அது தண்ணீர். மூன்றாம் வருஷம் படிக்கும்போது நாங்கள் ஐந்து பேர் தனுஷ்கோடி போனோம். அப்போது பஸ் முகுந்தராயர் சத்திரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் மணல். வேனிலோ மீன் வண்டியிலோ தொற்றிக்கொண்டு போகலாம். நாங்கள் வீறாப்பாக நடந்தோம். இடிந்த ஊர் வரைக்கும் ஐந்து கிலோமீட்டர்தான். ஆனால் மணலில் ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னால் இழுக்கும். சித்திரை வெயில். பாதியிலேயே பாட்டில் காலி. இரண்டு பக்கமும் கடல், குடிக்க ஒரு சொட்டு இல்லை. உள்ளூர்க்காரன் என்று தலைமை தாங்கியவன் நான். தண்ணீர்க் கணக்குத் தப்பியதும் நான்தான்.

ஒரு நண்பனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டான். அங்கே ஒரு குடிசையில் இருந்து ஒரு அம்மா வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் குடிசைக்குப் பின்னால் கூட்டிப்போய், மணலில் தோண்டியிருந்த ஒரு குழியில் இருந்து சிரட்டையால் மொண்டு கொடுத்தார். கடலில் இருந்து கல்லெறி தூரம்தான். வாயில் வைத்தால் நல்ல தண்ணீர்! "கடல் இங்ஙன இருக்கு, இது எப்படிம்மா?" என்றேன். "மழைத்தண்ணி மேல கெடக்கும் தம்பி. ஆழமாத் தோண்டாத, உப்பு ஏறிடும்" என்றார்.

அடுத்த செமஸ்டர் நிலத்தடி நீர் பாடத்தில் இதையே கரும்பலகையில் சூத்திரமாகப் போட்டார்கள். நல்ல தண்ணீரின் அடர்த்தி 1, கடல்நீர் 1.025. எடை குறைந்த மழைநீர் மணலுக்குள் உப்பு நீரின் மேல் வில்லை போல மிதக்கும். கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு இறங்கியிருக்கும். இரண்டு ஐரோப்பியர் பெயர் வைத்திருக்கிறார்கள் இந்த விதிக்கு. அந்த அம்மாவுக்கு விதியின் பெயர் தெரியாது. அதை மீறினால் என்ன ஆகும் என்று தெரியும். நான் சிரட்டை ஞாபகத்தில் பத்து மார்க் வாங்கினேன்.

அன்றிலிருந்து 'தீர்த்தம்' என்ற சொல்லை நான் வேறு மாதிரி படிக்கிறேன். தங்கச்சிமடத்துக்குப் பக்கத்தில் வில்லூண்டித் தீர்த்தம்: கடலுக்குள்ளேயே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. இராமர் வில்லை ஊன்றி சீதைக்குத் தாகம் தீர்த்தார் என்பது புராணம். தனுஷ்கோடி வழியில் ஜடா தீர்த்தம். கோயிலுக்குள் 22. புண்ணியம் ஒரு பக்கம் இருக்கட்டும். மண்டபத்தில் தோணி ஏறியவனுக்குத் தீவில் எங்கெங்கே குடிக்கத் தண்ணீர் கிடைக்கும் என்று மறக்க முடியாதபடி சொல்லி வைத்த வரைபடம் அது. புராணத்தில் எழுதி வைத்தால் அழியாது என்று தெரிந்தவர்கள் நம் ஆட்கள்.

தனுஷ்கோடியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு புயல். பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர் ரயில் ஆட்களோடு போனது. துறைமுகம், ஸ்டேஷன், தபால் ஆபீஸ், சர்ச், எல்லாம் ஒரு ராத்திரியில். பாம்பன் பாலமும் பெரும்பகுதி சிதைந்தது. அதை 46 நாளில் திரும்ப நிறுத்தியவர் ஸ்ரீதரன் என்கிற இளம் என்ஜினீயர். பின்னால் டில்லி மெட்ரோ கட்டியவர். அப்துல் கலாம் அவர்களின் தகப்பனார் யாத்திரைக்காரர்களைத் தனுஷ்கோடிக்குக் கொண்டுபோக மரப்படகு கட்டி ஓட்டியதும், அந்தப் படகைப் பிறிதொரு புயல் கொண்டுபோனதும் அவர் சுயசரிதையில் இருக்கிறது. 2017ல் முகுந்தராயர் சத்திரத்தில் இருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டருக்குத் தார் ரோடு திறந்தார்கள். இப்போது டவுன் பஸ் முனை வரைக்கும் போகிறது. நாங்கள் நாக்கு வறண்டு நடந்த அந்த மணலைக் கால் மணி நேரத்தில் கடக்கிறார்கள். போய் செல்ஃபி எடுத்துத் திரும்புகிற கூட்டத்தில், இடிந்த சர்ச்சிடம் இறங்கி நடக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மணலில் குழி தோண்டி வைத்திருக்கிற வீடுகள் ரோட்டில் இருந்து பார்த்தால் தெரியாது.

ஸ்பெயின் தேசத்தில் சாந்தியாகோ என்ற ஊருக்கு ஆயிரம் வருஷமாக ஒரு யாத்திரைப் பாதை உண்டு. இன்றைக்கு அதில் பாதிப் பேர் முழுப் பாதையும் நடப்பதில்லை. பஸ்ஸிலோ ரயிலிலோ சாரியா என்ற ஊரில் போய் இறங்கி, கடைசி 100 கிலோமீட்டரை மட்டும் நடக்கிறார்கள். வழியில் முத்திரை குத்தி, முடிவில் சான்றிதழும் கொடுக்கிறார்கள். வழியில் உள்ள கிராமங்கள் எல்லாம் அந்த நடையில் பிழைக்கின்றன. நமக்கு 100 கிலோமீட்டர் கூட வேண்டாம். எட்டு மைல் இருக்கிறது.

ஆகவே நடக்க விரும்புகிற தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். மதுரையில் இருந்து இராமேசுவரம் பஸ். பாலம் தாண்டியதும் பாம்பனில் இறங்கிவிடுங்கள். தெற்கே மூன்று நாலு கிலோமீட்டர் நடந்தால் குந்துகால். அமெரிக்காவில் பேசிப் புகழோடு திரும்பிய விவேகானந்தர், யாழ்ப்பாணத்தில் இருந்து கடல் வழியாக வந்து 1897 ஜனவரி 26ஆம் தேதி கரையேறியது இந்தப் பக்கம்தான். வரவேற்ற பாஸ்கர சேதுபதி, அவர் வண்டியைத் தாமே இழுத்தார். யாத்திரைக்காரனிடம் வரி கேட்ட மருமகனைத் தண்டித்த அதே பரம்பரை! பிறகு பாம்பன் திரும்பி, கிழக்கே அக்காள்மடம், தங்கச்சிமடம். நெடுஞ்சாலையிலேயே நடக்காதீர்கள், லாரி பயம். ஊருக்குள் புகுந்து போனால் சர்ச், தர்கா, கோயில், வலை பின்னுகிற திண்ணை எல்லாம் வரும். தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று வளர்க்கிற தோட்டங்களைப் பார்க்கலாம். எத்தனையோ ஊர்களில் பூக்கிற மல்லிகைக்கு நாற்று இங்கிருந்து போகிறது. வில்லூண்டியில் ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பாருங்கள். பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம். மாலைக்குள் கோயில் வந்துவிடும்.

இரண்டாம் நாள் இருந்தால் அரிச்சல்முனை. பஸ்ஸில் முனை வரை போய், திரும்பும்போது தனுஷ்கோடி வரைக்கும் நாலரை கிலோமீட்டர் நடப்பது நல்லது. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். மாலையானால் அங்கே தங்க விடமாட்டார்கள். தீவுக்கு வராமலே சேது பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இராமநாதபுரத்தில் இருந்து திருப்புல்லாணி பஸ் ஏறி, அங்கிருந்து சேதுக்கரைக்கு நடக்கலாம். நாலு கிலோமீட்டர், பழைய யாத்திரைக்காரர்கள் தீவுக்கு முன்னால் அங்கேதான் முழுகினார்கள். தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். இதில் மட்டும் என் பேச்சைக் கேளுங்கள், ஐந்து பேர் உயிரை வைத்துக் கற்றது.

சென்ற வருஷம் அப்பத்தா காலமாகிவிட்டார். அக்கா, தங்கச்சி கதையை அவர் சொன்ன மாதிரி சொல்ல எங்கள் தெருவில் இன்னும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் எண்பதுக்கு மேல். சாயங்காலம் வாசலில்தான் உட்கார்ந்திருப்பார்கள். காரில் போகிறவர்கள் அவர்களைப் பார்க்க முடியாது, நடந்து போனால் அவர்களே கூப்பிட்டு, "எந்த ஊரு தம்பி?" என்று கேட்பார்கள்.

டிக்கெட் எடுக்கும்போது "அக்காள்மடம்" என்று சொன்னால் மதுரை பஸ் கண்டக்டர் சில சமயம், "அங்க ஸ்டாப்பிங் இல்ல, தங்கச்சிமடத்துல எறங்கிக்கங்க" என்பார். அப்படியென்றால் பாம்பனிலேயே இறங்கிவிடுங்கள். நடக்கிற தூரம்தான்.